வெடிச் சத்தம் கேட்கும் வகுப்பறைகள்

பகல் பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். தூரத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்கும். ஜன்னல் கம்பி லேசாக அதிரும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் வெளியே திரும்புவார்கள். “எந்தப் பக்கம் புகை?” என்பதுதான் முதல் கேள்வி. அம்மா வேலை பார்க்கும் ‘பயர் ஆபீஸ்’ (பட்டாசு ஆலையை ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்) அந்தத் திசையில் இருந்தால், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. வகுப்பாசிரியர் தன் போனைக் கொடுத்தாலும் பயனில்லை. தீப்பொறிக்குப் பயந்து பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்குத் தடை. அம்மாவின் போன் வாசலிலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

நாட்டின் பட்டாசில் 90 சதவீதம் வரை தயாராவதாகச் சொல்லப்படும் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகள் இந்தக் காத்திருப்பிலேயே வளர்கிறார்கள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. செய்தித்தாளில் இவை ஊர்ப் பெயரும் பலி எண்ணிக்கையுமாக முடிந்துபோகும். அந்த எண்ணிக்கையில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை உண்டு.

பணம் வருகிறது, நல்லதுதான்

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதல்வர் மு.க.ஸ்டாலின், பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். அதற்கு முதல்கட்டமாக 5 கோடி ரூபாயில் நிதியம் ஏற்படுத்தப்பட்டது. முதலாளி கொடுக்கும் நஷ்டஈடும் அரசு நிவாரணமும் ஏற்கெனவே உண்டு. கல்லூரி வரைக்கும் படிப்புச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது இந்த வட்டாரத்தில் சின்ன விஷயமல்ல. முன்பெல்லாம் அம்மா இறந்தால், அவர் வாங்கிய அட்வான்ஸைக் கழிக்க மகளே அதே ஆலைக்கு வண்டி ஏறுவாள்.

ஆனால் ஃபீஸ் கட்டிய பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கிறதா, ராத்திரி தூங்குகிறதா என்பதை எந்த நிதியமும் பார்க்காது. அதைப் பார்க்கப் பள்ளிக்குள்ளேயே ஓர் ஆள் வேண்டும். விபத்து நடந்த வாரம் மட்டும் வந்துபோகிறவராக இல்லாமல், வாரா வாரம் வரும் அதே ஆளாக இருக்க வேண்டும்.

வயிற்றுவலியாக வரும் பயம்

“மனசு சரியில்ல” என்று சொல்லிக்கொண்டு எட்டாம் வகுப்புப் பையன் எவனும் ஆசிரியரிடம் வரமாட்டான். “சார், வயிறு வலிக்குது, வீட்டுக்குப் போகவா?” என்றுதான் வருவான். பெரியவர்களிடம் சோகமாக வெளிப்படுவது பிள்ளைகளிடம் வயிற்றுவலியாக, தலைவலியாக, படுக்கையில் சிறுநீர் கழிப்பதாக, எடுத்ததற்கெல்லாம் சண்டையாக வெளிப்படும். வெடித்த ஆலையைக் கண்ணால் பார்த்த பிள்ளை, கதவு படாரென்று சாத்தினாலே துள்ளி விழும். ஐப்பசி பிறந்து ஊரெல்லாம் வெடி போடும்போது, அப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதற்குக் கிராமத்தில் ‘பயந்த கோளாறு’ என்று பெயர். மந்திரித்துத் திருநீறு போடுவார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். மருத்துவர்கள் இதைக் கேலி செய்யாமல் இருப்பதே நல்லது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுப்பதில் பிள்ளைக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், திருநீறு போட்டும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், படிப்பில் கவனம் போய்க்கொண்டே இருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப்போகாமல் விடும்போதுதான். மனநல மருத்துவரைப் பார்த்தால் ‘பைத்தியம்’ என்று பேர் வந்துவிடும், நாளைக்குப் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்ற பயம் அம்மாக்களைப் பின்னால் இழுக்கிறது.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பு என்றால் ஏறக்குறைய மூன்று பேர். இது நாடு முழுவதற்குமான பொதுக் கணக்கு. விபத்தும் கடனும் சேர்ந்த ஊருக்கென்று எடுத்த கணக்கல்ல.

விபத்து நடந்த மறுநாள்

துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வரும் நாளில், நல்ல மனதோடு செய்கிற சில காரியங்களே கெடுதலாகிவிடும். பிரேயரில் பேரைச் சொல்லி எழுந்து நிற்க வைப்பது ஒன்று. “என்னம்மா நடந்துச்சு, சொல்லு” என்று ஆளாளுக்குக் கேட்பது இன்னொன்று. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். அப்படிக் கட்டாயப்படுத்திப் பேச வைக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அறிவுரை. கவனித்துப் பார், காதுகொடுத்துக் கேள், உதவி செய்யக்கூடியவரோடு சேர்த்துவிடு. 2011-இல் அது வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேட்டின் சாரம் இவ்வளவுதான்.

பிள்ளைக்கு அப்போது வேண்டியது வழக்கமான நாள். அதே பெஞ்ச், அதே பக்கத்து இருக்கைத் தோழி, முடிந்தால் எழுதக் கொஞ்சம் குறைவான வீட்டுப்பாடம். பேச நினைத்தால் பேச ஒரு பெரியவர். இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போது “தூங்கிட்டாங்க”, “வெளியூர் போயிருக்காங்க” என்று சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டார் என்றே சொல்வது நல்லது. இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக் கிராமங்களில் நிம்ஹான்ஸ் குழுவினர், பள்ளி ஆசிரியர்களுக்கும் உள்ளூர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாகவே பிள்ளைகளைக் கவனித்தார்கள். விளையாட்டு, ஓவியம், கதை என்றே அந்த வேலை நடந்தது. பட்டாசு விபத்து ஒரே நாளில் வந்துபோகும் சுனாமியல்ல. வருடா வருடம் வருவது. அப்படியிருந்தும் இங்கே அந்தப் பயிற்சி நிரந்தர ஏற்பாடாகவில்லை என்பது வருத்தம்தான்.

மதிப்பெண் ஊர்

காமராஜர் பிறந்த இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிளஸ் டூ தேர்ச்சியில் முதல் வரிசையில் நிற்பது இங்கே பழகிப்போன விஷயம், 2023-இல் 97.85 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம். பட்டாசு, தீப்பெட்டி வேலையிலிருந்து அடுத்த தலைமுறை தப்பிக்கப் படிப்புதான் வழி என்று பெற்றோர் நம்புவது இதற்கு ஒரு காரணம். “நான் மருந்துல கை வச்ச மாதிரி நீ வைக்கக் கூடாது” என்று சொல்லும் அப்பாவை யார் குறை சொல்வார்கள்? ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் கனத்தை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், ஸ்லிப் டெஸ்ட் என்று நாள் முழுக்கச் சுமக்கிறது. 97 பேர் தேறும் இடத்தில் தேறாத மூன்று பேரின் தனிமை, 70 பேர் தேறும் ஊரில் இருப்பதைவிடக் கடுமையானது.

இந்தத் தனிமையை ஆலோசனையால் மட்டுமல்ல, விதியை மாற்றியும் குறைக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. தோற்ற பாடத்தைச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வாக எழுதி, ஓர் ஆண்டை இழக்காமல் கல்லூரியில் சேரலாம் என்ற ஏற்பாடு 2000-களின் தொடக்கத்தில் வந்தது. சென்னையில் 1986-இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர். தேர்வில் தோற்றதால் நேரும் தற்கொலைகள் அதன் பிறகு குறைந்தன. 2017-இல் மாநில, மாவட்ட அளவில் முதலிடம் பெற்ற மாணவர்களின் பட்டியலும் நிறுத்தப்பட்டது. ஒரு அரசாணை, ஆயிரம் அறிவுரைக் கூட்டங்கள் செய்யாததைச் செய்யும்.

நாடு முழுக்கப் பார்த்தால், 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது.

மூன்று மாவட்டத்துக்கு ஒரு வண்டி

பள்ளிகளில் ஆலோசகர் இல்லையா என்றால், முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2013-இல் பள்ளிக்கல்வித் துறை நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. வண்டிகள் பத்து, அப்போதைய மாவட்டங்கள் 32. ஒரு வண்டி மூன்று மாவட்டத்துப் பள்ளிகளைச் சுற்ற வேண்டியிருந்தது. ஒருநாள் வந்து ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுப் போகிறவரிடம் எந்தப் பிள்ளை தன் வீட்டுக் கதையைச் சொல்லும்? 2018-இல் 14417 உதவி எண் வந்தது. பிறகு ‘மாணவர் மனசு’ பெட்டிகள் வந்தன. அவை புகார் சொல்ல வழி செய்தன. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, யார் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதில் சீட்டு விழும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று தனிப் பணியிடம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொன்னது. காகிதத்தில் குறையில்லை.

விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியையும் வெம்பக்கோட்டையில் உள்ள ஒரு உயர்நிலைப் பள்ளியையும் இணைக்க, வாரம் ஒரு நாள் பஸ் ஏறி வரும் ஓர் ஆலோசகரே போதும்.

ஆசிரியர் எதுவரை போகலாம்

அந்த ஆலோசகர் வரும்வரை ஆசிரியர்தான். பிள்ளையின் மாற்றத்தை அவரைவிட முன்னால் பார்க்கக்கூடியவர் யாருமில்லை. செப்டம்பர், அக்டோபரில் சீசன் சூடுபிடிக்கும்போது வருகைப் பதிவேட்டில் யார் பேருக்கு நேரே அடிக்கடி ‘ஆப்சென்ட்’ விழுகிறது, யார் தூங்கி வழிகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பல வீடுகளில் பட்டாசுக்குக் குழாய் உருட்டும் பேப்பர் வேலை நடுராத்திரி வரை நடக்கும் காலம் அது. வகுப்பில் தூங்கும் பிள்ளைக்குத் தேவை திட்டல்ல, வீட்டில் ஒருமுறை பேசிப் பார்ப்பது.

ஆனால் ஆசிரியர் மருத்துவராக முயலக் கூடாது. “செத்துப் போயிடலாம்னு இருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ, அதை நாடகம் என்று ஒதுக்குவதும் ரகசியமாக வைத்துக்கொள்வதும் ஆபத்து. “உயிரை விடணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது, பெரும்பாலும் பிள்ளைக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். பிறகு தனியே விடாமல் வீட்டுப் பெரியவரை வரவழைத்து, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் சொல்வதைவிட, “உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்வேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மை.

எண் இருக்கிறது, போன்?

மனநல உதவிக்கு 14416, பள்ளி மாணவர்களுக்கு 14417, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. மூன்றும் கட்டணமில்லாதவை. ஆனால் பல வீடுகளில் ஒரே ஒரு செல்போன்தான். அது காலை ஏழு மணிக்குள் அம்மாவோடு வண்டி ஏறிவிடும். திரும்பி வரும்போது வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். பேச நினைத்ததைப் பேச முடியாது. அதனால் பள்ளியில் ஒரு போன், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, மதிய இடைவேளையில் அரைமணி நேரம், “யார்கிட்ட பேசின?” என்று கேட்காத ஒரு ஆசிரியர் — இவ்வளவையும் ஒரு தலைமையாசிரியர் அரசாணைக்குக் காத்திராமல் நாளைக்கே ஏற்பாடு செய்துவிடலாம்.