ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கிறதா? – நான்கு கேள்விகள்

ஆஸ்துமா உள்ளவரிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால், நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பரவாயில்லை." ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்காக நாமும் அதையே "டீக் ஹை" என்று ஹிந்தியில் சொல்லிவிடுகிறோம். பழைய மருந்துச் சீட்டே தொடர்கிறது. நடு இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியது அங்கே பேச்சுக்கே வருவதில்லை.

ரயில்வேயில் தண்டவாளம் பார்வைக்கு நன்றாயிருக்கிறது என்று விட்டுவிட மாட்டோம், அளந்து எழுதுவோம். ஆஸ்துமாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இன்று எப்படி என்பதல்ல, கடந்த நான்கு வாரக் கணக்கே முக்கியம். 'ஜினா' என்னும் உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டி, ஆறு வயது முதல் எல்லோருக்கும் நான்கு கேள்விகளைத் தருகிறது.

1. பகலில் இழுப்பு, இருமல், மூச்சுத்திணறல் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்ததா?

2. ஆஸ்துமாவால் ஓர் இரவாவது தூக்கம் கலைந்ததா?

3. உடனடி நிவாரணத்துக்கான சால்புட்டமால் இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா?

4. ஆஸ்துமாவால் அன்றாட வேலை ஏதாவது தடைப்பட்டதா?

நான்குக்கும் 'இல்லை' என்றால் நோய் கட்டுப்பாட்டில் உள்ளது. ஒன்றிரண்டு 'ஆம்' என்றால் அரைகுறைக் கட்டுப்பாடு. மூன்றோ நான்கோ 'ஆம்' என்றால் கட்டுப்பாடே இல்லை.

நான்காவது கேள்வியில் பலர் ஏமாறுகிறார்கள். மாடிப்படியை விட்டு லிஃப்டுக்குப் பழகியவருக்கு மூச்சு வாங்காதுதான். அது குணமல்ல, ஒதுங்கிக்கொண்டது. நான்கும் 'இல்லை' என்றாலும், கடந்த ஓராண்டில் கடுமையான இழுப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். மறுபடி வரும் அபாயம் அவர்களுக்கு அதிகம்.

'பீக் ஃப்ளோ மீட்டர்' என்ற சிறு கருவியும் உதவும். மூன்று முறை ஊதி, உயர்ந்த அளவைக் குறிக்க வேண்டும். ஒருவர் நன்றாயிருக்கும்போது 400 வரை ஊதுவார் என்றால், 320-க்குக் கீழே எச்சரிக்கை. 200-க்குக் கீழே ஆபத்து.

கட்டுப்பாடு இல்லையென்றால் உடனே பெரிய மருந்து தேவை என்று பொருளல்ல. தடுப்பு இன்ஹேலரைத் தவறாமல் எடுக்கிறாரா, முறையாக உறிஞ்சுகிறாரா என்று டாக்டர் எதிரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். சால்புட்டமால் மூச்சுக்குழாயைத் தற்காலிகமாகத் திறக்குமே தவிர, உள்ளே உள்ள அழற்சியைத் தணிக்காது.

எங்கள் வீட்டுக் காலண்டரில் என் மனைவி நிவாரண இன்ஹேலர் எடுத்த நாளுக்கு ஒரு கோடு, இரவில் விழித்த நாளுக்கு ஒரு வட்டம் போடுகிறேன். டெல்லியில் நவம்பர் புகை சூழும்போது கோடுகள் கூடுவது கண்ணுக்கே தெரியும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "டீக் ஹை"க்குப் பதிலாக அந்தக் கணக்கைக் கொடுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.