எல்லையோர ராஜ்யங்கள் – 6: முடிச்சுக் கயிறு

கயிறு ஒரு முழம் இருக்கும். அதில் அங்கங்கே முடிச்சு. வாக்குச்சீட்டின் ஓரமாகக் கயிற்றை நீட்டி வைத்து, முடிச்சு நிற்கிற இடத்தில் குறி போட்டால் போதும். பெயரைப் படிக்க வேண்டியதே இல்லை. தெற்கு டெக்ஸஸில் எழுத்து தெரியாத மெக்ஸிக வம்சாவளி வாக்காளர்களை இப்படிக் கயிறு கொடுத்து அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. சில சாவடிகளில் அந்தச் சிரமம்கூட வைக்கவில்லை. குறி போட்ட சீட்டே கைக்கு வந்துவிடும்.

கயிற்றைக் கொடுப்பவருக்கு அந்த ஊர்களில் ‘பத்ரோன்’ என்று பெயர். முதலாளி, எஜமான், காப்பவர் எல்லாவற்றுக்கும் ஸ்பானிய மொழியில் அந்த ஒரு சொல்தான். டுவால் கவுன்ட்டியில் முதலில் ஆர்ச்சி பார், பிறகு அவர் மகன் ஜார்ஜ் பார். அப்பனும் மகனுமாக அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கவுன்ட்டியைக் கைக்குள் வைத்திருந்தார்கள். ஜார்ஜுக்குப் பட்டப்பெயரே ‘டுவால் கோமகன்’.

இவர்களை வெறும் கொள்ளைக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1912 மே மாதம் சான் டியேகோ ஊரில் (கலிபோர்னியாவில் இருப்பதல்ல, டுவாலின் தலைநகரம்) வெள்ளைக்காரர்கள் மூன்று மெக்ஸிக வம்சாவளியினரைச் சுட்டுக் கொன்றபோது, செத்தவர்கள் பக்கம் நின்ற வெள்ளைக்காரர் ஆர்ச்சி பார். மகன் ஜார்ஜ் ஸ்பானிய மொழியை அந்த ஊர்க்காரர்களைப் போலவே பேசுவார். வீட்டில் சாவு விழுந்தால் அடக்கச் செலவு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவருக்குப் பணம் வரும். அன்றைய டெக்ஸஸில் ஓட்டுப் போட 1 டாலர் 75 சென்ட் வரி கட்ட வேண்டும். பருத்தி பறிக்கிறவர் அந்தக் காசுக்கு எங்கே போவார்? அதையும் பத்ரோனே கட்டினார். கட்டியவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டார். சர்க்கார் என்று ஒன்று இருப்பதை அந்த மக்கள் டெக்ஸஸின் ரேஞ்சர் காவலர்களின் துப்பாக்கியில்தான் பார்த்திருந்தார்கள். ‘என்னப்பா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?’ என்று கேட்ட ஒரே அதிகாரி பார்தான். அந்தக் கேள்விக்குக் கொடுத்த விலைதான் ஓட்டு.

கொடுத்ததை ஜார்ஜ் பல மடங்காக எடுத்துக்கொண்டார் என்பதிலும் சந்தேகமில்லை. பெரிய பண்ணை ஒன்றை வாங்கக் கவுன்ட்டி கஜானாவிலிருந்து 5 லட்சம் டாலரைக் ‘கடனாக’ எடுத்தவர் அவர். வருமான வரி ஏய்ப்புக்காக 1936–37இல் சிறையில் இருந்தார். 1946இல் அதிபர் ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார். இரண்டே ஆண்டில் அமெரிக்க வரலாற்றையே அவரால் திருப்ப முடிந்தது.

1948 ஆகஸ்ட் 28. செனட் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இறுதிச் சுற்று. ஒரு பக்கம் முன்னாள் கவர்னர் கோக் ஸ்டீவன்சன், எதிரே பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன். பழைய தேர்தல்களில் பார் ஸ்டீவன்சனுக்குத்தான் ஓட்டுகளை அள்ளிக் கொடுத்திருந்தார். பிறகு லரேடோவில் அரசு வழக்கறிஞர் பதவிக்குத் தான் சொன்ன ஆளைக் கவர்னர் நியமிக்கவில்லை என்று மனஸ்தாபம். ஓர் உதவியை மறுத்ததற்குக் கிடைத்த பதில் இது: டுவாலில் ஜான்சனுக்கு நாலாயிரத்துக்கு மேல், ஸ்டீவன்சனுக்கு நாற்பதுகூடத் தேறவில்லை. நாற்பது பேரை விட்டுவைத்ததே ஒரு கௌரவத்துக்காக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியும் ஸ்டீவன்சன் மயிரிழையில் முன்னால் இருந்தார். ஆறு நாள் கழித்து, பக்கத்துக் கவுன்ட்டியான ஜிம் வெல்ஸில், ஆலிஸ் ஊரின் 13ஆம் எண் பெட்டியிலிருந்து திருத்தம் வந்தது. ஜான்சனுக்கு 765 என்று இருந்தது 965 ஆகிவிட்டது. 7 என்ற எண்ணில் ஒரு சுழி சேர்த்தால் 9; அவ்வளவுதான் வேலை. மாநிலம் முழுவதும் பதிவான ஏறத்தாழ பத்து லட்சம் வாக்குகளில் ஜான்சன் 87 வாக்கில் வென்றார்.

ஸ்டீவன்சன் சும்மா இருக்கவில்லை. பானி–கிளைட் கொள்ளை ஜோடியை வேட்டையாடிய பழைய ரேஞ்சர் ஃப்ராங்க் ஹேமரைக் கூட்டிக்கொண்டு ஆலிஸுக்கே போனார். வாக்காளர் பட்டியல் வங்கிப் பெட்டகத்துக்குள் இருந்தது. வங்கி யாருடையது? பாருடையதுதான். சில நிமிடங்கள்தான் பார்க்கக் கிடைத்தது. அதற்குள் கண்ணில் பட்டது போதும்: கடைசி இருநூறு பெயரும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகர வரிசையில் இருந்தன. வாக்காளர்கள் பெயரின் முதல் எழுத்துப்படி வரிசை கட்டி வந்து ஓட்டுப் போட்ட அதிசயம் ஆலிஸில்தான் நடந்தது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களைத் தேடிப் போனால், நாங்கள் போடவே இல்லை என்றார்கள். சிலர் கல்லறையில் இருந்தார்கள்.

நீதிமன்ற உத்தரவின் பேரில் பெட்டிகளைத் திறந்துகொண்டிருக்கும்போதே உச்ச நீதிமன்ற நீதிபதி ஹ்யூகோ பிளாக்கின் தடை வந்து சேர்ந்தது. அதை ஜான்சனுக்கு வாங்கித் தந்த வழக்கறிஞர் ஏப் ஃபோர்ட்டஸ். 1965இல் அதிபர் ஜான்சன் அவரை அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார வைத்தார். பத்ரோன் முறை தெற்கு டெக்ஸஸோடு நிற்கும் சமாசாரம் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு வரியைக் காட்டுங்கள். 13ஆம் பெட்டிக்குப் பொறுப்பாளராக இருந்த லூயிஸ் சாலஸ், பெயர்களைச் சேர்த்தது உண்மைதான் என்று 1977இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஜான்சனும் இல்லை, பாரும் இல்லை. மறுபடியும் வரி வழக்கில் தண்டனை உறுதியாகிச் சிறைக்குப் போகவேண்டிய நிலையில், 1975 ஏப்ரல் 1 அன்று பார் தன் பண்ணையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

பத்ரோன் போனார். ஓட்டுக்கு ஆள் பிடிக்கும் வேலை போகவில்லை. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். ‘பொலிதிகேரா’ என்பார்கள். தெருவில் யாருக்கு முட்டி வலி, யார் வீட்டுத் தாத்தா நடக்க முடியாதவர், யாருக்குத் தபால் ஓட்டு வரும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். வேட்பாளரிடம் கூலி பேசிக்கொண்டு, முதியவர்களை வண்டியில் ஏற்றிச் சாவடிக்குக் கூட்டிப் போவார்; உதவியாளர் என்று கூடவே உள்ளேயும் போவார். இதில் பெரும் பகுதி 2021 வரை சட்டப்படி சரியாகவே இருந்தது. சரியில்லாத பகுதி, டோனா என்ற சிற்றூரில் 2012இல் நடந்த ஒரு தேர்தலால் வெளியே வந்தது. வாக்காளர்களுக்கு ரொக்கம் கொடுத்திருந்தார்கள். சிலருக்குச் சிறு பொட்டலம் கோக்கைன். சம்பந்தப்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அது என்ன தேர்தல் என்று கேட்கிறீர்களா? பள்ளி வாரியத் தேர்தல். சிரிக்க வேண்டாம். இந்த ஊர்களில் மாதச் சம்பளம் தரும் பெரிய இடம் பள்ளிக்கூடம்தான். வாத்தியார் வேலை, சமையல்கூடம், பேருந்து ஓட்டுநர், கட்டட ஒப்பந்தம் எல்லாம் வாரியத்தின் கையில். பாருக்கும் இது தெரிந்திருந்தது. 1950களில் அவர்மேல் வந்த பெரிய வழக்கு பெனாவிடெஸ் ஊர்ப் பள்ளி மாவட்டத்தின் பணத்தைச் சுருட்டியதாகத்தான். தபால் வழி மோசடி என்று தண்டித்தார்கள். வரி நோட்டீசைத் தபாலில் அனுப்புவது சட்டப்படியான கடமை, அது மோசடிக்குள் வராது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்துகிறது. அன்று ஏழைக்கு அடக்கச் செலவு கிடைத்தது. இன்று பொட்டலம். பெரிய உதவிகள் பணம் உள்ளவர்களிடம் போய்விட்டன. அதே பள்ளத்தாக்கின் பிரவுன்ஸ்வில்லில் நீதிபதியாக இருந்த ஏபெல் லிமாஸ் தீர்ப்புகளுக்கு லஞ்சம் வாங்கியதை 2011இல் ஒப்புக்கொண்டார். ஒட்டுக்கேட்ட தொலைபேசியில் எட்டாயிரம் டாலருக்கு ‘எட்டு கோல்ஃப் பந்து’ என்று சங்கேதம் பேசியவர். அங்கே மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த அர்மாண்டோ வில்லாலோபோஸுக்கு 13 ஆண்டு சிறை. இருவரும் சம்பந்தப்பட்ட வழக்குகளில் ஒன்று, காதலியைக் கொன்ற ஒருவனுடையது. 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 ஆண்டு தண்டனை பெற்றவனுக்கு, சொந்த வேலைகளை முடித்துவிட்டு வர 60 நாள் அவகாசம் கொடுத்து வெளியே விட்டார்கள். அவன் கட்டியிருந்த 5 லட்சம் டாலர் பிணைத்தொகை செத்தவளின் பிள்ளைகளுக்கு என்று போனது. வழியில் அவர்களுடைய வழக்கறிஞரின் கட்டணமாக ஒரு பெருந்தொகை கழிந்து, அதில் ஒரு பங்கு அரசு வழக்கறிஞருக்கே திரும்பி வந்தது.

அவன் திரும்பவில்லை. 2014இல் ஹைதராபாத்தில் பிடிபட்டான்.

(தொடரும்)