பச்சோந்திக் குஞ்சும் நம் வீட்டு வேலியும்

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம், வண்டலூர் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில், பழைய ஏரிக்கரைகளும் கரட்டு நிலங்களும் மனைப்பிரிவுகளாக மாறிக்கொண்டிருக்கும் இந்நாளிலும், மழைக்குப் பின் தழைத்து நிற்கும் வேலிச் செடியொன்றில் விரல் நீளப் பச்சைப் பிராணி ஒன்றைக் கண்டு, அதை அட்டைப்பெட்டியில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, "இதற்கு என்ன தீனி போடுவது?" என்று பெரியவர்களைக் கேட்கும் சிறுவர்கள் இல்லாமற் போகவில்லை. பெரியவர்களோ பெரும்பாலும், "ஐயோ, அது விஷம்! தூரப் போடு" என்று அலறுவார்கள். சிறுவனின் கேள்வியில் அன்பு இருக்கிறது. பெரியவரின் பதிலில் அச்சம் இருக்கிறது. அந்தப் பிராணியின் சுபாவத்தைப் பற்றிய அறிவு இரண்டிலும் இல்லை. பச்சோந்திக்கு விஷம் கிடையாது. மனிதனுக்குத் தீங்கு செய்யும் ஆயுதம் எதுவும் அதனிடம் இல்லை. அதற்கு வேண்டியது என்ன, வேண்டாதது என்ன என்பதை அறிய விரும்புவோர், முதலில் அதன் உடலமைப்பையும் நடத்தையையும் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும்.

இனப்பெருக்கக் காலத்தில் தலையும் தொண்டையும் சிவந்து, மதில்மேல் நின்று தலையை ஆட்டும் ஓணானையே நம்மில் பலர் பச்சோந்தி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஓணான் வேறு, பச்சோந்தி வேறு. உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றுள் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஓர் இனம் மட்டுமே. 1768ஆம் ஆண்டில் லாரென்டி என்ற ஆராய்ச்சியாளர் 'கமிலியோ சைலானிகஸ்' என்று இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இலங்கையிலும் இதே இனம் வாழ்கிறது. தலையின் பின்புறம் உயர்ந்து நிற்கும் எலும்புக் கவசமும், பக்கவாட்டில் தட்டையான உடலும், முகவாயிலிருந்து வயிற்றின் நடுவே வரிசையாக ஓடும் வெண்மையான சிறு பற்கள் போன்ற செதில்களும், சுருண்ட வாலும் இதன் அடையாளங்கள். வெளிக்காது என்பதே இதற்கு இல்லை. முழு வளர்ச்சியடைந்த பச்சோந்தி வாலையும் சேர்த்து ஓர் அடிக்கு மேல் நீளும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரின் நெரிசலைவிட்டுத் தாம்பரத்துக்கு வந்து குடியேறியபோது அதற்குக் கிடைத்த புதர்க்காடும், வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையை ஒட்டியுள்ள நன்மங்கலம் காப்புக்காடும், 1985இல் நகரத்தின் பழைய மிருகக்காட்சி சாலை இடம் மாறி அமைந்த வண்டலூர் மலைப் பிரதேசமும் ஒரே வகையான தாவரச் செல்வத்தின் மிச்சங்கள். களா, காரை, ஆவாரை, நொச்சி என்று முள்ளும் இலையும் பின்னிக் கிடக்கும் இத்தகைய வறண்ட புதர்க்காடே பச்சோந்திக்கு ஏற்ற வாழ்விடம். பெருமரங்கள் மட்டும் அதற்குப் போதா; ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தரையைத் தொடாமலே செல்லத்தக்க அடர்த்தி அதற்கு வேண்டும்.

அந்தப் பிரயாணத்திற்கென்றே அதன் கால்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு பாதத்திலும் உள்ள ஐந்து விரல்களும் இரண்டு கற்றைகளாகப் பிரிந்து எதிரெதிரே நிற்கின்றன; முன்னங்காலில் உட்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு; பின்னங்காலில் உட்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. இவ்விரு கற்றைகளும் சிறு குச்சியைக் கவ்விப் பிடித்துவிட்டால் எளிதில் விடா. வால் ஐந்தாவது கையாக உதவுகிறது. ஆனால் பல்லியின் வாலைப்போல அது அறுந்து மீண்டும் வளர்வதில்லை. ஆகையால் கிளையைப் பற்றியிருக்கும் பச்சோந்தியை வாலைப் பிடித்தோ உடலைப் பிடித்தோ இழுப்பது அதற்குப் பெருந்தீங்காகும். அது நடக்கும்போது ஓர் அடி முன்னே எடுத்து வைத்து, சற்றே பின்வாங்கி, உடலை முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடியும் முன்னேறுவதைக் காணலாம். தயக்கம் என்று நமக்குத் தோன்றும் இந்த ஆட்டம், காற்றில் அசையும் இலைகளுக்கிடையே தன்னை மறைத்துக்கொள்ளும் உபாயம் என்றே ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

கண்களின் அமைப்பு இன்னும் விசித்திரமானது. இமைகள் ஒன்றாகக் கூடிக் கூம்பாகி, நடுவே பாவையளவு துவாரம் மட்டும் விட்டிருக்கின்றன. ஒரு கண் மேலே பறக்கும் பருந்தைக் கவனிக்க, மற்றொரு கண் கீழே ஊரும் பூச்சியைத் தேடும். இரை அகப்பட்டதும் இரண்டும் ஒரே திசையில் திரும்பி அதன்மேல் நிலைத்து நிற்கின்றன. இரை இருக்கும் தூரத்தை, விழியின் குவியத்தை மாற்றுவதன் மூலமே அது மிகச் சரியாக நிர்ணயிக்கிறது. அதன்பின் வாய் மெல்லத் திறக்கிறது. நாவின் நுனி சற்றே வெளியே தெரிகிறது. அடுத்த கணம் பூச்சி இருந்த இடம் வெறுமையாகிவிடுகிறது.

இந்தக் கணப்பொழுதுச் செயலின் இரகசியம் தசையின் வலிமையில் மட்டும் இல்லை. நாவுக்குள் கூரிய எலும்பு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி மீள்தன்மையுள்ள உறைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவற்றுக்கு வெளியே ஒரு தசை. எய்வதற்கு முன் வில்லாளி நாணை இழுத்து நிறுத்துவதைப் போல, தசை முன்கூட்டியே சுருங்கி அந்த உறைகளில் விசையைச் சேர்த்து வைக்கிறது. உறைகள் எலும்பின் நுனியைவிட்டு நழுவியதும் சேமித்த விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபடுகிறது. உடலின் நீளத்தையும் விஞ்சி நாக்கு பாய்கிறது. தசையை மட்டும் நம்பாத காரணத்தால், குளிர்ந்த காலைப்பொழுதில் பிற பல்லியினங்கள் சோம்பிக் கிடக்கும்போதும் பச்சோந்தியின் நாக்கு ஏறக்குறைய அதே வேகத்தில் வெளியேறுகிறது. திரும்ப உள்ளிழுக்கும் வேலையே குளிரில் மந்தமாகிறது. நாவின் நுனியிலுள்ள பசை, மனிதனின் உமிழ்நீரைக் காட்டிலும் சுமார் 400 மடங்கு பிசுபிசுப்புடையது என்று 2016இல் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானிகள் அளந்து கூறினர். உருவத்தில் சிறிய இனங்களின் நாக்கே, உடலின் அளவோடு ஒப்பிட்டால், அதிக விசையுடன் பாய்கிறது என்பதும் அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியின் முடிவு. சிறு உடலுக்கு எடைக்கு எடை அதிக ஆகாரம் வேண்டும் என்ற நியதியை நினைத்தால் இதில் வியப்பில்லை.

நிறம் மாறுவதைப் பற்றி உலகமெங்கும் வழங்கும் அபிப்பிராயம் பெரும்பாலும் தவறானது. கட்சி மாறும் அரசியல்வாதியைப் பச்சோந்தி என்று ஏசுகிறோமே, அந்த உவமை இந்தப் பிராணிக்குச் செய்யும் அநீதி. இருக்கும் இடத்தைப் பார்த்து அதற்கேற்பச் சாயம் பூசிக்கொள்வது அதன் வழக்கமன்று. உடலின் உஷ்ணம், ஒளி, அச்சம், கோபம், இணை தேடும் விருப்பம் ஆகியவற்றிற்கேற்பவே அதன் வர்ணம் மாறுகிறது. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் மடகாஸ்கர் இனம் ஒன்றை ஆராய்ந்து, தோலின் உயிரணுக்களில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதையும், அவற்றின் இடைவெளி கூடுவதும் குறைவதுமே நிறத்தை மாற்றுவதையும் நிரூபித்தனர். அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைப் பிரதிபலிக்கின்றன; தோலிலுள்ள மஞ்சள் நிறமியோடு அது கலந்து பச்சையாகத் தோன்றுகிறது. கிளர்ச்சியுற்றால் படிகங்கள் விலகி, மஞ்சளும் சிவப்பும் மேலோங்குகின்றன. நம் நாட்டுப் பச்சோந்திக்கு அவ்வளவு ஆடம்பரமான வர்ணங்கள் இல்லை. பச்சை, மஞ்சள், பழுப்பு, கருநிறப் புள்ளிகள் ஆகியவற்றுக்குள்ளேயே அதன் மனநிலை முழுவதும் வெளியாகிவிடுகிறது.

அந்த வெளிப்பாட்டைப் படிக்கக் கற்றவனுக்கே பச்சோந்தி புரியும். அதிகாலையில் உடலைத் தட்டையாக்கி, கருத்து, கதிரவனை நோக்கிப் பக்கம் காட்டி நின்றால், அது வெயில் காய்கிறது. நண்பகலில் வெளிறினால் வெப்பத்தைத் தவிர்க்கிறது. உடலை ஊதி, வாயைப் பிளந்து, சீறி, பக்கவாட்டில் அசைந்தால், அணுகாதே என்று எச்சரிக்கிறது. கிளையின் மறுபுறத்துக்கு மெல்லச் சுழன்று ஒளிந்தால், நம்மைக் கண்டு அஞ்சுகிறது. இரவில் மெல்லிய கிளையின் நுனியில் வாலைச் சுருட்டி வெளிறித் தூங்குவது இயல்பு. பகலில் கண்களை மூடிக் கிடந்தாலோ கண்கள் குழிவிழுந்திருந்தாலோ அது நோயுற்றதென்றும் நீரின்றி வாடுகிறதென்றும் அறிய வேண்டும். கையில் எடுத்தவுடன் கருத்துப் போன குஞ்சைப் பார்த்து, 'என்னோடு விளையாடுகிறது' என்று மகிழ்பவர், அதன் பீதியையே விளையாட்டாக எண்ணிவிடுகிறார்.

குஞ்சின் வாழ்க்கை தனிமையில் தொடங்குகிறது. தாய் மரத்தைவிட்டுத் தரைக்கு இறங்கி, ஈரமான மண்ணைத் தோண்டி, பத்துக்கு மேற்பட்ட முட்டைகளையிட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போய்விடுகிறாள். அத்துடன் அவள் கடமை முடிந்தது. மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து வெளிவரும் குஞ்சு, பாலூட்டுவாரும் வழிகாட்டுவாரும் இன்றி, முதல் நாளிலேயே செடியேறி, சிறு ஈக்களையும் இளம் வெட்டுக்கிளிகளையும் வேட்டையாடத் தொடங்குகிறது. கிண்ணத்தில் வைத்த நீரைப் பெரும்பாலும் அது தண்ணீரென்றே அறிவதில்லை. இலைமேல் நின்று மினுங்கும் பனித்துளியையும் மழைத்துளியையுமே நக்கிக் குடிக்கிறது. தன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று அருகில் இருப்பதையும் அது விரும்புவதில்லை.

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். ஏமன் நாட்டுப் பச்சோந்தி போன்ற இனங்களை மேனாடுகளில் வளர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்யும் ஏற்பாடுகளைச் சற்று எண்ணிப் பார்த்தால் விடை தானே கிடைக்கும். காற்று நாற்புறமும் புகும் உயரமான வலைக்கூண்டு. அதனுள் உயிருள்ள செடிகள். ஒருபுறம் வெயில் காயச் சூடான விளக்கு, மறுபுறம் ஒதுங்க நிழல். எலும்பு வளரத் தேவையான வைட்டமின் டி உடலில் உண்டாவதற்குப் புறஊதாக் கதிர் விளக்கு. நாள்தோறும் காலையும் மாலையும் இலைகளை நனைக்கும் நுண்தூறல். சத்துணவூட்டி வளர்த்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிய உயிருள்ள பூச்சிகள், அதுவும் குஞ்சின் இரு கண்களுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாகாதவை. ஒரு கூண்டுக்கு ஒன்றே என்னும் கட்டுப்பாடு. தேவையின்றிக் கையால் தொடாமை. இவற்றுள் கதிர் விளக்கோ சுண்ணாம்போ குறைந்தால் எலும்புகள் வளைந்து, தாடை மென்மையாகி, கிளையைப் பற்றும் வலிமையையும் குஞ்சு இழந்துவிடும். இத்தனையும் செய்து மனிதன் முயல்வது, நன்மங்கலத்துப் புதரில் செலவின்றிக் கிடைப்பதை ஒரு பெட்டிக்குள் போலியாக உண்டாக்கத்தான்.

சட்டமும் இதே பக்கம் நிற்கிறது. இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்குட்பட்டது. அதைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்களும் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வாணிப உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருபவை; வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அத்தகைய பிராணிகளை வைத்திருப்போர் அவற்றை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பிரயாணிகளின் பெட்டிகளிலிருந்து சுங்க அதிகாரிகள் அயல்நாட்டு ஊர்வனவற்றைக் கைப்பற்றும் செய்திகள் அடிக்கடி பத்திரிகைகளில் வருகின்றன; அந்த வாணிபத்தை நடத்துவது, வாங்குவோரின் ஆசையே.

ஆதலால், வேலியோரத்திலோ சாலையிலோ பச்சோந்தியைக் கண்டால் செய்யத்தக்கது மிக எளிது. முட்டையிட இறங்கும் தாயும் இணை தேடும் ஆணும் சாலையைக் கடக்கையில் வண்டிச் சக்கரத்தில் சிக்குவது உண்டு. ஓட அவற்றால் இயலாது. அத்தகைய சமயத்தில் கையால் பற்றாமல், ஒரு குச்சியை அதன் முன்னங்கால்களுக்கு எதிரே கிடையாக நீட்டுங்கள். முதலில் சீறும், பிறகு ஒரு கையை நீட்டித் தடவிப் பார்க்கும், பின் தானாகவே ஏறிக்கொள்ளும். அது செல்ல முயன்ற திசையில், அருகிலுள்ள புதரில் விட்டுவிடுங்கள். தொலைதூரக் காட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். தனக்குப் பழக்கமான செடிகளே அதற்கு நல்லவை. காயம்பட்டிருந்தால் மட்டும் வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள்.

வளர்க்கத்தான் வேண்டும் என்று ஆவல் கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. வீட்டு மனையின் ஓரத்தில் நொச்சியும் ஆவாரையும் களாவும் வேலியாக வையுங்கள், பூச்சிமருந்து தெளிக்காதீர்கள், உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாதீர்கள், வேலியை மொட்டையடித்துக் கத்தரிக்காதீர்கள். பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தேடிப் பச்சோந்தியும் வரக்கூடும். பச்சோந்தியை வளர்ப்பதற்கு நம்மால் சட்டப்படியும் தருமப்படியும் செய்யக்கூடியது அதன் புதரை வளர்ப்பது ஒன்றே.