பெருங்கம்பெனியின் நேர்முகத் தேர்வு



கடலூர் மக்களுக்குப் பெருங்கம்பெனி என்பது புதிய பொருள் அன்று. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கியது. 1756இல் இராபர்ட் கிளைவ் அங்கே ஆளுநராக அமர்ந்தார். அக்கம்பெனியில் எழுத்தர் வேலைக்குப் பெரிதும் வேண்டப்பட்டது, இலண்டனில் இருந்த இயக்குநர் ஒருவரின் பரிந்துரை. இன்றைய கூகுள், அமேசான் போன்ற பெருங்கம்பெனிகளிலும் பரிந்துரை உண்டு. ஆனால் அது உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கச் செய்யுமே அன்றி, வேலையை வாங்கித் தராது. நான்கைந்து பேர் தனித்தனியே, ஆளுக்கு முக்கால் மணி நேரம்போல உங்களோடு பேசிப் பார்த்த பிறகே முடிவு செய்வார்கள். மூத்த மென்பொருளாளர் பதவிக்கான அந்தப் பேச்சில் என்ன நடக்கிறது என்பதை இன்று விளக்கப் புகுகிறேன்.

முதலில் வருவது நிரல் எழுதும் கணக்கு. சிதம்பரம் நகரில் பத்து இலட்சம் பெயர் கொண்ட ஒரு பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (ஊரில் அத்தனை பேர் இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.) அதில் ஒரு பெயரை விரைவாகத் தேட வேண்டும். படித்த மாணவன் உடனே, ‘நடுப்பெயரைப் பார்த்துப் பாதியைத் தள்ளலாம், எஞ்சியதில் மீண்டும் பாதியைத் தள்ளலாம், இருபது முறைக்குள் முடிந்துவிடும்’ என்பான். கணக்குச் சரிதான். ஆனால் பட்டியல் அகர வரிசையில் இருக்கிறதா என்று அவன் கேட்டானா? நம் வாக்காளர் பட்டியல் வீட்டு வரிசையில் அல்லவா அமைந்திருக்கிறது! அங்கே பாதியைத் தள்ளினால் தேடும் பெயரும் சேர்ந்தே போய்விடும். ஒரே முறைதான் தேடுவது என்றால் வரிசையாகப் படிப்பதே போதும். நாள்தோறும் தேடுவது என்றால் முதலில் அடுக்கிக்கொள்வது சிக்கனம். எது நிலைமை என்று கேட்டுத் தெரிந்த பின் எழுதத் தொடங்குபவனையே தேர்வாளர் விரும்புகிறார். நம் வகுப்பறைகளிலோ, வினாவைத் திருப்பிக் கேட்கும் பிள்ளை வாயாடி என்று பெயர் எடுக்கிறது.

மூத்த பதவிக்கு இதைவிடப் பெரிது அமைப்பு வரையும் கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் அருகே கரை கடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய புயலுக்கு முன் கடற்கரைச் சிற்றூர்களுக்கெல்லாம் கைப்பேசியில் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை வரையச் சொல்கிறார்கள் என்று கொள்ளுங்கள். புதியவர், செய்தி எப்படிப் போகும் என்று விளக்குவார். மூத்தவரிடம் எதிர்பார்ப்பது, செய்தி போகாவிட்டால் என்ன ஆகும் என்ற சிந்தனை. எத்தனை பேருக்கு, எத்தனை நிமிடத்தில்? மின்சாரம் போய்க் கோபுரம் அடங்கினால் என்ன வழி? சென்று சேர்ந்ததா என்று உறுதியாகத் தெரியாதபோது மறுபடி அனுப்பலாமா? புயல் எச்சரிக்கை இருமுறை வந்தால் கேடில்லை. வராமல் போவதே கேடு. ஆனால் இதே முறையை இரயில் பயணச்சீட்டுக்குப் பணம் எடுக்கும் இடத்தில் வைத்தால், ஒரே சீட்டுக்கு இரண்டு முறை பணம் போகும்! அங்கே ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு முன்பே பணம் எடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டைத் தானே எடுத்துச் சொல்பவரே மூத்தவர்.

புதிர்க் கேள்விகளைப் பற்றி அஞ்ச வேண்டாம். விமானத்துக்குள் எத்தனை பந்து அடங்கும் என்பன போன்றவை வீண் என்று கூகுளின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இலேயே கூறிவிட்டார்.

தெரியாததைக் கேட்டால்? சுந்தர் பிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று கூகுளில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். நிரல் எழுதும் பதவிக்கு அன்று, பொருள் மேலாண்மைப் பதவிக்கு. ஜிமெயில் அறிவிக்கப்பட்ட நாளும் அதுவே. அதைப் பற்றிக் கேட்டபோது, முட்டாள்கள் தின வேடிக்கையோ என்று ஐயுற்றாராம். தாம் அதைப் பயன்படுத்தியதில்லை என்ற உண்மையை மறைக்கவில்லை. நான்காவதாக வந்தவர் அதைத் திறந்து காட்டினார். ஐந்தாமவர் கேட்டபோது, அதை எப்படித் திருத்தலாம் என்று அவரால் பேச முடிந்தது. 2017இல் கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களிடம் அவரே இதைச் சொன்னார்.

இறுதியாக, நீங்கள் செய்த பணியைப் பற்றிக் கேட்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் தம்மை அறியாமல் இழக்கிறார்கள். ‘நான் செய்தேன்’ என்பது செருக்கு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே ‘நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்’ என்று அடக்கமாகப் பேசிவிட்டு எழுந்து வருகிறார்கள். தேர்வாளரின் குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இருப்பதில்லை. உடன் பணியாற்றியவரோடு எதில் கருத்து மாறுபட்டீர்கள், யார் சொன்னது சரியாயிற்று, பழுது வந்தபோது உங்கள் கை எதைத் தொட்டது என்பதையே அவர் அறிய விரும்புகிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் வாய்விட்டு விடை சொல்லிப் பழகலாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் பேச்சை நிறுத்த வேண்டாம். மௌனத்தைக் கொண்டு எவரும் உங்கள் சிந்தனையை அளக்க இயலாது.

பேச்சு முடியும்போது, ‘நீங்கள் எதுவும் கேட்க விரும்புகிறீர்களா?’ என்பார் தேர்வாளர். ‘நள்ளிரவில் பழுது வந்தால் உங்களிடத்தில் யார் எழுந்து வருவார்?’ என்று கேட்டுப் பாருங்கள்.