கண்ணைக் கவரும் விளம்பரமும் கருத்தில் கொள்ள வேண்டியவையும்

கடைக்குச் செல்லும் நாம், பற்பசை வேண்டும் என்று கேட்பதில்லை. இன்ன பெயருடைய பற்பசை வேண்டும் என்றே கேட்கின்றோம். சவர்க்காரம், மாவுப்பால், கோப்பித்தூள் ஆகியவற்றையும் அவ்வாறே பெயர் சொல்லி வாங்குகின்றோம். அப்பெயர்கள் தாமாக நம் நாவில் வந்து அமரவில்லை. பல ஆண்டு முயற்சியினாலும் பெரும் பொருட்செலவினாலும் அவற்றை நம் நினைவில் பதித்திருக்கின்றார்கள். வாணிக நிறுவனங்கள் மட்டுமன்றிப் பொதுநல இயக்கங்களும் இம்முறையைக் கையாளுகின்றன. இது எவ்வாறு நடைபெறுகின்றது, இதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பதைத் தோட்டப்புற மக்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சக்கரம் விற்ற கதை

நம் பால்மரத்தோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டை முதலில் காண்போம். 1889 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் மிச்சலின் சகோதரர்கள் இரப்பர் பொருள் தயாரிக்கும் தொழிலகம் ஒன்றை அமைத்தார்கள். அவர்களுடைய டயர்கள் தரமானவை. ஆயினும் டயர் என்பது கண்டு களிக்கத்தக்க பொருளன்று. சேறும் தூசியும் படிந்து கிடப்பது. அதனை மக்கள் மனத்தில் பதிய வைப்பது எப்படி?

1894 ஆம் ஆண்டில் லியோன் நகரக் கண்காட்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த டயர்களைக் கண்ட எட்வர்ட் மிச்சலின், கைகளை வைத்தால் அது மனிதனைப் போல இருக்குமே என்றாராம். 1898 ஆம் ஆண்டில் ஓர் ஓவியர் அதனையே சித்திரமாகத் தீட்டினார். டயர்களால் ஆன பருத்த மனிதன், ஆணியும் உடைந்த கண்ணாடியும் நிறைந்த கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்கின்றான். சாலையில் கிடக்கும் இடையூறுகளை எங்கள் டயர் விழுங்கிவிடும் என்பது அதன் பொருள். அக்காலத்து டயர்கள் வெளிர் நிறத்தில் இருந்தன. பின்னரே கரித்தூள் கலந்து கருநிறம் பெற்றன. அதனாலேயே அந்த டயர் மனிதன் இன்றளவும் வெண்ணிறமாகக் காட்சி தருகின்றான்.

1900 ஆம் ஆண்டில் அச்சகோதரர்கள் அதனினும் நுட்பமான வழியைக் கண்டார்கள். அப்பொழுது பிரான்சில் இருந்த மோட்டார் வாகனங்கள் 3,000க்கும் குறைவு. வாகனம் ஓடினால்தானே டயர் தேயும்? தேய்ந்தால்தானே புதிய டயர் விற்கும்? எனவே, பயணத்திற்குத் துணையாகும் கையேடு ஒன்றை ஏறத்தாழ 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்கள். எங்கே எண்ணெய் கிடைக்கும், எங்கே பழுது பார்க்கலாம், எங்கே உண்டு உறங்கலாம் என்னும் விவரங்கள் அதில் இருந்தன. 1920 ஆம் ஆண்டு முதல் அந்நூலுக்கு விலை வைத்தார்கள். 1926 ஆம் ஆண்டில் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கினார்கள். இன்று சிங்கப்பூரிலும், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களிலும் உணவகங்கள் அந்த நட்சத்திரத்திற்காகக் காத்திருக்கின்றன. டயர் விற்கப் பிறந்த நூல், உணவின் தரத்தை உரைக்கும் அளவுகோலாகிவிட்டது.

இந்த விளம்பரத்தில் ஒரு நேர்மை உண்டு. வாங்குவோருக்கும் வாங்காதோருக்கும் அக்கையேடு பயன்பட்டது. உலகில் மோட்டார் வாகனம் பெருகப் பெருக, டயருக்கு இரப்பர் தேவைப்பட்டது. அத்தேவையே மலாயாவில் காடுகளை இரப்பர்த் தோட்டங்களாக மாற்றி, நம் முன்னோரைக் கப்பலேறச் செய்தது. மங்கில் சொட்டிய பாலுக்கும் எங்கோ ஒட்டப்பட்ட சுவரொட்டிக்கும் தொடர்பு இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெள்ளுடை அணிந்த விற்பனை

அதே திறமை தீங்கிற்கும் பயன்படும். 1930 ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில், இனிப்பிட்ட டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவு எனக் கூறி விற்றார்கள். தாதியரைப் போல வெள்ளுடை அணிந்த பெண்கள் ஏழை மக்களின் குடியிருப்புகளுக்குச் சென்று, பிள்ளை பெற்ற தாய்மாரிடம் அதனைப் பரிந்துரைத்தார்கள். உடையைக் கண்ட தாய்மார் அதனை மருத்துவரின் அறிவுரை என்றே நம்பினார்கள். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டின் பாலைப் புகட்டினார்கள். அதில் மிகுந்திருந்தது சீனி. குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஊட்டச்சத்துகள் போதிய அளவில் இல்லை. கொதிக்க வைக்காத நீரும் கழுவாத புட்டியும் சேர்ந்துகொள்ள, குழந்தைகள் வயிற்றுப்போக்கினாலும் சத்துக் குறைவினாலும் மடிந்தன.

இதனைக் கண்டு கொதித்தெழுந்தவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். 1939 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு, ‘பாலும் கொலையும்’ என்பதாகும். கேட்டவர் திடுக்கிடும்படியான தலைப்பை வைத்தது அவருடைய திறமை. ஆயினும் அதற்குப் பின்னால் அவர் நேரில் கண்ட உண்மை இருந்தது.

அவர் எழுப்பிய குரல் பல ஆண்டுகளுக்குப் பின்னர் உலகெங்கும் ஒலித்தது. 1974 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ‘குழந்தைக் கொல்லி’ என்னும் தலைப்பில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. அதனைச் சுவிட்சர்லாந்தில் மொழிபெயர்த்த குழுவினர், ‘நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது’ எனத் தலைப்பை மாற்றிவிட்டார்கள். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அத்தலைப்பு அவதூறு எனத் தீர்ப்பளித்த நீதிமன்றம், 1976 ஆம் ஆண்டில் அக்குழுவினருக்கு அபராதம் விதித்தது. அதே வேளையில், நிறுவனம் தன் விளம்பர முறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் நீதிபதி சுட்டிக்காட்டினார். நல்ல நோக்கமுடைய இயக்கமும் உண்மையின் எல்லையைத் தாண்டலாகாது என்பதற்கு இஃது ஒரு பாடமாகும்.

1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய வாங்கா மறுப்பு இயக்கம் மக்களின் கவனத்தை மேலும் ஈர்த்தது. 1981 ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்குரிய நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. 118 நாடுகள் ஆதரித்தன. ஒரே ஒரு நாடு எதிர்த்தது.

பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

பொதுநலக் கருத்து மக்கள் உள்ளத்தைக் கவர்ந்ததற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் நிலை பாட்டாளிகளுக்கு ஏற்பட்டது. அந்நிலையில் 1960 ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டாளிகளைச் சந்தித்தார். தோட்டத்தை நீங்களே வாங்கலாம் என்பதே அவர் சொன்ன செய்தி. 100 வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் செலுத்தலாம் என்றார். கூட்டுறவுக் கொள்கையை விரிவாக விளக்கியிருந்தால் பலருக்குப் புரிந்திராது. ‘பத்து வெள்ளி’ என்றவுடன் அனைவருக்கும் புரிந்தது. கூலி வாங்கும் கைகள் தோட்ட உரிமையாளர் கைகளாகும் என்னும் எண்ணம் உள்ளத்தைத் தொட்டது. 1961 ஆம் ஆண்டில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சொன்ன சொல்லுக்குக் கண்முன்னே ஒரு தோட்டம் சாட்சியாக நின்றதால், நம்பிக்கை மேலும் வளர்ந்தது.

எடைபோடும் முறை

மேற்கண்ட மூன்றிலும் கவனத்தைக் கவரும் வழிகள் ஏறத்தாழ ஒன்றேயாகும்: எளிதில் பதியும் உருவம், சுருக்கமான சொல், உள்ளத்தைத் தொடும் உணர்ச்சி. பயன்தான் வேறுபட்டது. பழகிய கையில் இருக்கும் பால்வெட்டுக் கத்தி பட்டையை மட்டும் சீவும். பழகாத கையில் மரத்தையே காயப்படுத்தும். விளம்பரமும் அத்தகையதே. எனவே, எந்த விளம்பரத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும.

முதலாவது, சொல்பவர் யார், பயனடைபவர் யார்? வெள்ளுடை அணிந்தவரெல்லாம் தாதியர் அல்லர். கைப்பேசியில் மருத்துவர் போலவும் அரசாங்க அதிகாரி போலவும் தோன்றுவோரும் அவ்வாறே.

இரண்டாவது, சொல்லாமல் விட்டது எது? டின்னின் முன்புறம் படம் பேசும். பின்புறத்திலுள்ள சிறிய எழுத்தே உண்மை பேசும். ‘கிரிமர் மானிஸ்’ என்று எழுதிய டின்னைத் திருப்பிப் பார்த்தால் சீனியும் பாமாயிலும் முன்னே நிற்பதைக் காணலாம். அது தேநீருக்கு உரியது, குழந்தைக்கு உரியதன்று. தவணைக் கொள்முதலிலும் இவ்வாறே கணக்கிட வேண்டும். ரொக்க விலை 1,200 வெள்ளியுள்ள பொருளுக்கு ‘மாதம் 80 வெள்ளி மட்டுமே’ என்றால் மலிவாகத் தோன்றும். 24 மாதங்கள் செலுத்தினால் 1,920 வெள்ளி ஆகும். மறைந்திருந்த 720 வெள்ளி நம் உழைப்பல்லவா?

மூன்றாவது, பணத்திற்குக் கணக்கு உண்டா? முறையாகப் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தில் பற்றுச்சீட்டு, ஆண்டுக் கூட்டம், கணக்கறிக்கை ஆகியவை உண்டு. சில வாரங்களில் பணம் இரட்டிப்பாகும் என்போரிடம் இவை எவையும் இரா. ஐயம் ஏற்பட்டால், பேங்க் நெகாரா வெளியிட்டிருக்கும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்நிறுவனத்தின் பெயர் உள்ளதா எனப் படித்த பிள்ளைகளைக் கொண்டு பார்க்கலாம். ஏமாற்றுக்காரரிடம் பணத்தை அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், சற்றும் தாமதியாது 997 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

விளம்பரத்தை வெறுக்க வேண்டியதில்லை. சடங்கு, கலைவிழா, தமிழ்ப்பள்ளி நிதி என நாமே ஒரு நற்செயலை மேற்கொள்ளும்போது, துன் சம்பந்தன் காட்டிய வழி நமக்குப் பயன்படும்: செய்தியைச் சுருக்கமாகச் சொல்லுதல், நேரில் சென்று சொல்லுதல், சொன்னதைச் செய்து காட்டுதல். கண் கவரப்படுவது இயல்பு; ஆனால் கை பணப்பையைத் தொடுமுன் கருத்து விழித்திருக்க வேண்டும். குறிப்பாக, பாலருந்தும் குழந்தையின் உணவைப் பற்றிய முடிவைச் சுவரொட்டியிடம் விடாது, அரசாங்கச் சுகாதார நிலையத்தின் தாதியரிடம் கேட்டுத் தெளிதல் நலம்.