எரிச்சல் மட்டும் போதாது

திருப்பூர் மாநகராட்சியின் வடபகுதியில் நெருப்பெரிச்சல் என்றோர் ஊர் இருக்கிறது. 'நெருப்பு', 'எரிச்சல்' என்ற இரு சொற்கள் சேரும்பொழுது முதற்சொல்லின் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் விலகிக்கொள்ள, வருகின்ற எகரம் அதன் இடத்தில் ஏறி அமர்கிறது. சந்தி கற்பிக்கும் உபாத்தியாயர் இதைவிடத் தெளிவான உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை. ஆனால், இத்தகைய பனியன் தொழிற் பகுதிகளில் காணப்படும் சுவரொட்டிகளையும் பெயர்ப்பலகைகளையும் படிக்க நேரும் தமிழன்பருக்கு அந்தப் பெயரின் பிற்பாதிதான் நினைவுக்கு வரும்.

'வேளைக்கு ஆட்கள் தேவை' என்று ஒருவர் எழுதுகிறார். வேலை வேறு, வேளை வேறு. 'அரை வாடகைக்கு விடப்படும்' என்று மற்றொருவர் அறிவிக்கிறார். அறையைத் தேடி வந்தவர் அதை அப்படியே நம்பிப் பாதி வாடகையை நீட்டினால் வீட்டுக்காரர் பெற்றுக்கொள்வாரா? 'உற்ப்பத்தி', 'விற்ப்பனை', 'பயிற்ச்சி' என்பனவோ எங்கும் நிறைந்திருக்கின்றன. இந்த மூன்றையும் போக்குவதற்குப் புலமை தேவையில்லை. ஒரே விதி போதும். தமிழ்ச் சொல்லின் நடுவே இரண்டு புள்ளி எழுத்துகள் சேர்ந்து வல்லெழுத்தின் முன் நிற்க வேண்டுமானால், அவற்றுள் முதலாவது ய், ர், ழ் என்ற மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். காய்ச்சல், வார்த்தை, வாழ்க்கை என்பவற்றைக் காண்க. ற், ட் என்ற இரண்டும் தமக்குப் பின் வேறொரு புள்ளி எழுத்தைச் சகிப்பதில்லை. ஆகவே உற்பத்தி, விற்பனை, பயிற்சி, கட்சி, நட்பு என்பனவே சரி. ஐந்து நிமிஷத்தில் கற்கக்கூடிய இவ்விதி நூற்றுக்கணக்கான பிழைகளை ஒழித்துவிடும்.

வேறுபட்டதெல்லாம் பிழையென்று நாம் கூறவில்லை. கோயில், கோவில் இரண்டும் வழக்கில் உள்ளவை. 'வாழ்த்துகள்' என்பதா, 'வாழ்த்துக்கள்' என்பதா என்று அறிஞர்களே வாதிடுகின்றனர். எழுத்து மாறவே கூடாது என்பதும் நமது கட்சியன்று. பெரியார் ஈ.வெ.ரா. 1935இல் 'குடி அரசு' பத்திரிகையில் சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றி அச்சிடத் தொடங்கினார். அவற்றுட் பலவற்றை 1978இல் தமிழக அரசு ஏற்றது. இன்று நாம் எழுதும் ணை, லை, னை, றா முதலியவை அவ்வாறு வந்தவையே. அது காரணத்தோடு, யோசித்துச் செய்த சீர்திருத்தம். லகர ளகர பேதம் அறியாமல் எழுதுவது சீர்திருத்தமாகாது.

எழுத்தைப் பற்றி நம் ஜனங்களுக்கு அக்கறையே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறையை மாற்றி ஓர் அரசாணை வெளியாயிற்று. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப எழுத வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால், வேலூருக்குத் தரப்பட்ட புதிய எழுத்துகளைக் கண்டவர்கள் அதை 'வீலூர்' என்று படித்தார்கள். கண்டனமும் பரிகாசமும் கிளம்பவே, அந்த மாதத்திலேயே ஆணை வாபஸ் பெறப்பட்டது. ஆங்கில எழுத்துக்காக இவ்வளவு விரைவில் எழுந்த கிளர்ச்சியில் நூற்றில் ஒரு பங்கேனும் தமிழ்ப் பலகைகளுக்காக எழுவதுண்டா?

ஏன் எழுவதில்லை? காரணத்தைத் திருப்பூரிலேயே காணலாம். அந்நிய தேசத்திற்குப் போகும் ஆடை ஒன்றின் கழுத்துப்பட்டியில் ஆங்கில எழுத்து ஒன்று தவறினால், சரக்கு முழுவதுமே தள்ளப்படக்கூடும். ஆதலால் லேபிளின் மாதிரியை வாங்குவோருக்கு அனுப்பிச் சம்மதம் பெற்ற பிறகே மொத்தமாக அச்சிடுகிறார்கள். அதே ஆலையின் வாசலில் தொங்கும் தமிழ் அறிவிப்பை எவரும் சரிபார்ப்பதில்லை. ஆங்கிலப் பிழை முதலாளிக்கு நஷ்டம். தமிழ்ப் பிழையால் தமக்கு நஷ்டமில்லை என்று எண்ணுகிறார்கள். விஷயத்தின் வேர் இதுதான்.

ஆனால், நஷ்டம் இல்லாமற் போகவில்லை. அது ஏழையின் தலையில் விழுகிறது. சண்முகம் என்ற ஒருவரின் பெயரை ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும், ஆதாரில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள். தகப்பனாரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னே நிற்கும். ஓரிடத்தில் பின்னே நிற்கும். ஓரிடத்தில் காணாமலே போகும். பல வருஷம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து உழைத்தவர் தமது வருங்கால வைப்பு நிதியைக் கோரும்பொழுது, பெயர் ஒத்துவரவில்லை என்று மனு திரும்புகிறது. 2025 ஜனவரியில் பலர் முதலாளியின் சம்மதத்திற்குக் காத்திராமல் தாமே திருத்திக்கொள்ள வழி செய்யப்பட்டது உண்மையே. ஆயினும், எழுதியவர் செய்த பிழைக்காக ஒரு நாட்கூலியை இழந்து அலைகிறவர் எழுதப்பட்டவர்தான். நிலப் பத்திரத்தில் பெயரோ சர்வே எண்ணோ தவறினாலும் கதை இதுவே. பிழைதிருத்தல் பத்திரம் என்ற தனி ஆவணமே வழக்கத்திற்கு வந்திருப்பதிலிருந்து, நம் நாட்டில் எழுத்துப் பிழை எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு கூட்டத்தாரையும் நினைக்க வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இங்கே உழைப்போர் பலர். அவர்களுடைய குழந்தைகளுக்குச் சுவரும் பலகையுமே அரிச்சுவடியாக அமைகின்றன. வந்தவர்களுக்கு நம் மொழியைப் பிழையோடு கற்பித்துவிட்டு, அவர்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு நகைப்பது நியாயமாகுமா?

ஆகவே, எரிச்சலடைவது மாத்திரம் போதாது; அந்த எரிச்சல் உரிய இடத்திற்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிப் படிப்பு முற்றுப்பெறாமல் தூரிகையைக் கையிலெடுத்த பெயர்ப்பலகைக்காரரைக் கேலி செய்வதில் வீரமில்லை. அவர் கொடுத்ததை எழுதுகிறார். பிழையாக எழுதிக் கொடுத்தவர் யார், பணம் கொடுப்பதற்குமுன் படித்துப் பார்க்காதவர் யார் என்பதே கேள்வி. பட்டம் பெற்றவர்கள் நிறைந்த காரியாலயங்களுக்கும் ஸ்தாபனங்களுக்கும் சாக்கு ஏதுமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. ஒருவரின் பெயரைப் பதிவு செய்யும் குமாஸ்தா, முத்திரையிடுவதற்குமுன் அதை அவருக்கே உரக்கப் படித்துக் காட்டட்டும். லேபிளைச் சரிபார்க்கும் ஆலை, வாசற்பலகையையும் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டட்டும். அச்சகத்தார் மூலத்தில் பிழை கண்டால், 'வாடிக்கையாளர் கொடுத்தது' என்று ஒதுங்காமல் ஒரு வார்த்தை கேட்கட்டும். பிழையைக் கண்ட வாசகர், பரிகசிக்காமல் மரியாதையாகச் சொல்லட்டும்; கேட்பவரும் அதை அவமானமாகக் கருதாமல் திருத்தட்டும்.

ஆடையில் ஒரு தையல் விட்டுப்போனால் பொறுக்காத ஊர் திருப்பூர். அந்தக் கண்டிப்பைத் தமிழ் எழுத்தின்மேலும் செலுத்தினால், நெருப்பெரிச்சலில் எரிச்சல் பெயரளவில் மட்டும் நிற்கும்.