வியாபாரியின் மோட்டார் சைக்கிளும் கவனிப்பாரற்ற பெட்டரியும்

எமது பகுதிகளில் சிறு வியாபாரம் செய்வோரில் அநேகரின் முதலாவது ஊழியன் மோட்டார் சைக்கிள்தான். மீன் பெட்டி கட்டிச் செல்பவர், பாண் விநியோகிப்பவர், புடவை மூட்டையுடன் ஊர் ஊராகச் செல்பவர், கடைகளுக்குப் பொருள் போட்டுக் காசு சேகரிப்பவர் என எல்லோருக்கும் அதுவே கால். அந்த ஊழியனுக்கு ஒயில் மாற்றுகிறோம், டயர் பார்க்கிறோம், பிரேக் பார்க்கிறோம். ஆசனத்துக்கு அடியில் அல்லது பக்கப் பெட்டிக்குள் இருக்கும் பெட்டரியை மட்டும் அது நின்றுபோகும் நாள் வரை திறந்தும் பார்ப்பதில்லை.

நான் கிழக்குக் கரையோரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை நடத்தி வருபவன். "பெட்டரி செத்துப் போச்சு, புதுசு ஒண்டு தாங்க" என்று வருபவர்களிடம் உடனே புதியதை எடுத்துக் கொடுப்பது எனக்கு இலாபம்தான். ஆனால் அவர்களுள் கணிசமானோருக்குப் புதிய பெட்டரி தேவையில்லை. இன்னும் சிலருக்குப் புதிய பெட்டரி கொடுத்தாலும் பயனில்லை. இந்த இரண்டாவது வகையினரே அதிக நட்டப்படுகின்றனர்.

கடற்கரையில் மீன் எடுத்து சம்மாந்துறைப் பக்கம் கொண்டு செல்லும் ஒரு தம்பி ஒரு நாள் வந்தார்.

"காக்கா, இது மூணாவது பெட்டரி. ஒரு வருஷத்துக்குள்ள மூணு மாத்திட்டன். எல்லாம் டூப்ளிகேட் சாமான்தான் விக்கிறானுகள்" என்றார். வாங்கியது என் கடையில் அல்ல, வேறு ஓர் ஊரில்.

பெட்டரியைக் கையில் எடுத்தேன். இரு பக்கமும் வீங்கியிருந்தது. "தம்பி, முன் விளக்கு பல்பும் அடிக்கடி போகுதா?" என்று கேட்டேன்.

"ஓம் காக்கா, மாசத்துக்கு ஒண்டு போகுது. அதுக்கும் இதுக்கும் என்ன?"

சம்பந்தம் இருந்தது. வேறொரு நல்ல பெட்டரியை வைத்து, இன்ஜினை ஓட விட்டு, மீற்றரை வைத்துக் காட்டினேன். அக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டியதும் 15 வோல்ட்டைத் தாண்டி ஏறியது. ரெகுலேட்டர் பழுது. மூன்று பெட்டரிகளும் கெட்ட சாமான் அல்ல, மூன்றையும் அந்த வண்டியே அவித்துக் கொன்றிருக்கிறது. ரெகுலேட்டரை மாற்றிய பின் அவர் நான்காவது பெட்டரியைத் தேடி வரவில்லை. மூன்று பெட்டரிக்கும் கொடுத்த காசையும், விடியற்காலையில் வண்டி நின்று ஐஸ் உருகி மீன் கெட்ட நாட்களையும் அவர் கணக்குப் பார்த்திருப்பாரோ தெரியாது. நான் பார்த்தேன், அது ரெகுலேட்டரின் விலையைப் போலப் பல மடங்கு.

மீற்றர் ஒன்று இருந்தால்

சாதாரண மல்டிமீற்றரின் விலை ஒரு பெட்டரியின் விலையில் சிறு பங்குதான். இரண்டு, மூன்று வண்டி வைத்து வியாபாரம் செய்பவர்கள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பார்க்க வேண்டியது மூன்று சந்தர்ப்பங்களில்.

முதலில், வண்டி இரவு முழுக்க ஓய்வில் இருந்த பிறகு காலையில், சாவி போடுமுன். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பெட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான் மிச்சம். 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய வெறுமை. ஒன்றைக் கவனியுங்கள்: வெறுமையான பெட்டரி செத்த பெட்டரி அல்ல. சார்ஜ் ஏற்றினால் எழும்பக்கூடும்.

இரண்டாவதாக, செல்ப் அமுக்கும்போது. அந்த நேரத்தில் வோல்ட் இறங்குவது இயல்பு. ஆனால் முழுச் சார்ஜ் ஏற்றிய பெட்டரியே 9.5க்கும் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். உள்ளே ஆறு செல்கள் உள்ளன, ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஒரு செல் செத்தால் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாலும் பத்தரை வோல்ட்டளவிலேயே நிற்கும். அதற்கு மருந்து கிடையாது. மருந்து இருக்கிறது என்று தூளும் திரவமும் விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காசைக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது இன்ஜின் ஓடும்போது. அக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. கொயிலையும் ரெகுலேட்டரையும் வயரையும் பாஸிடம் காட்டுங்கள். 15ஐத் தாண்டினால் மேலே சொன்ன தம்பியின் கதைதான். இந்த மூன்றாவது பரிசோதனையைச் செய்யாமல் புதிய பெட்டரி பூட்டுவது, ஓட்டைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

இவையெல்லாம் பார்க்குமுன் இரண்டு முனைகளையும் பார்த்துவிடுங்கள். கடற்காற்றும் மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீரும் சேரும் வண்டிகளில் முனை பச்சை பூத்து, நட் தளர்ந்து இருக்கும். வெந்நீர் ஊற்றித் துடைத்து, உப்புத்தாள் போட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினால் அரைவாசிப் பேரின் பிரச்சினை அத்தோடு தீரும். கழற்றும்போது முதலில் மறை முனை, பூட்டும்போது அதைக் கடைசியாக. மாறிச் செய்து ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

கிக் இருந்த காலம் வேறு

ஹொண்டா சிடி 125 ஓடிய காலத்தில் பெட்டரி பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கிக் அடித்தால் வண்டி எழும்பும், சிக்னல் எரியாவிட்டால் கையைக் காட்டிப் போகலாம். இந்திய வண்டிகள் பலவும் அப்படியே ஓடின. இன்று நிலைமை அதுவல்ல. பெற்றோலை இன்ஜெக்டர் மூலம் செலுத்தும் வண்டிகளில் பெற்றோல் பம்பும் கணினிப் பெட்டியும் மின்சாரத்தில்தான் வேலை செய்கின்றன. பல புதிய வண்டிகளில் கிக்கே கிடையாது. பெட்டரி முற்றாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் நடக்காது. ஸ்கூட்டரோ, அதன் பெல்ட் அமைப்பினால் எந்தக் காலத்திலும் தள்ளி எழுப்ப முடியாதது. கிக் இருப்பவர்கள் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்காவது கிக்கைப் பாவியுங்கள், பெட்டரிக்கு அது பெரிய உதவி.

எமது வியாபாரிகளின் ஓட்டமும் பெட்டரிக்கு எதிரானது. வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வங்கி, வங்கியிலிருந்து சந்தை என ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்ப். ஒரு ஸ்டார்ட்டுக்கு எடுத்ததை வண்டி திருப்பிச் செலுத்துமுன் அடுத்த ஸ்டார்ட் வந்துவிடுகிறது. வரவுக்கு மேல் செலவு செய்யும் கடை எப்படி நிற்கும்? அதனோடு திருட்டு அலாரம், மேலதிக எல்ஈடி விளக்கு, தொலைபேசிச் சார்ஜர் என்பவையும் தொங்குகின்றன.

2020 மார்ச் ஊரடங்கிலும் 2022 எரிபொருள் நெருக்கடியிலும் இதை எல்லோரும் அனுபவித்தோம். 2022இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று வந்தபோது பலர் ஒரு வண்டியை ஓட்டி மற்றதை நிறுத்தி வைத்தனர். நிறுத்திய வண்டியின் பெட்டரி தானாகவே இறங்கும். எமது வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே விட்டால் ஈயத் தகட்டின் மேல் சல்பேட் படிந்து கல்லாகிவிடும், பிறகு சார்ஜ் உள்ளே ஏறாது. சில மாதங்களின் பின் வண்டியை எடுத்தவர்கள் புதிய பெட்டரி தேடி வந்தபோது, டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியிருந்ததால், விலையைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். சிலர் தவணைக்குக் கேட்டார்கள். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இன் ஆரம்பத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வண்டிகளே தோள் கொடுத்தன.

வண்டியை நிறுத்தி வைப்பதானால் மறை முனையைக் கழற்றி விடுங்கள், மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுங்கள். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவதால் பெட்டரிக்கு நன்மையில்லை, பெற்றோல்தான் போகும்.

சார்ஜ் போடுவதிலும் ஒரு விடயம் உண்டு. பெட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு அளவே பாதுகாப்பான வேகம். 5 ஆம்பியர்-மணிப் பெட்டரிக்கு அரை ஆம்பியர். லொறி பெட்டரிக்குப் போடும் பெரிய சார்ஜரில் சிறியதையும் சேர்த்துக் கோர்த்துவிடும் கராஜ்கள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் ஒரு மணித்தியாலத்தில் சூடேறிக் கொதித்துவிடும். அந்த நேரத்தில் வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியது, பக்கத்தில் நின்று சிகரட் பற்ற வைக்க வேண்டாம். மூடி திறந்து தண்ணீர் விடும் வகையாக இருந்தால் பெட்டரித் தண்ணீர் மட்டுமே விட வேண்டும். மட்டம் குறைந்துவிட்டது என்று அசிட் ஊற்றுவது தவறு, ஏனெனில் ஆவியாகிப் போனது தண்ணீர்தான், அசிட் உள்ளேயே இருக்கிறது. எமது கிணற்று நீரின் உப்பு பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மூடப்பட்ட வகையைத் திறக்கவே கூடாது.

வாங்குபவரும் விற்பவரும்

இனி கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டரி அரிசி மூட்டை போன்றதல்ல, தட்டில் இருக்கும்போதே வயது போகும் சரக்கு. அசிட் நிரப்பி வந்த பெட்டரியை ஆறு மாதம் தூசு பிடிக்க வைத்துவிட்டு, அதன் மேல் இன்றைய திகதியிட்ட உத்தரவாத அட்டையை ஒட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டரி மூன்று மாதத்தில் திரும்பி வரும்போது "நீங்கள்தான் சரியாகப் பாவிக்கவில்லை" என்று வாடிக்கையாளர் மீது பழி போடப்படுகிறது. பஞ்சிகாவத்தையிலிருந்து மொத்தமாக இறக்குபவர்கள் முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும், மாதாமாதம் மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும், 12.4க்குக் கீழே இறங்கியதைச் சார்ஜ் போட்டே தட்டில் வைக்க வேண்டும்.

காய்ந்த நிலையில் வந்து கடையில் அசிட் ஊற்றும் வகையில் அவசரம்தான் எதிரி. ஊற்றிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஊற விட்டு, பின்னர் முதல் சார்ஜ் போட்டுக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் வாசலில் நின்று "கெதியாத் தாங்க" என்பார். கொடுத்தனுப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், அவரும் சந்தோசமாகப் போவார். ஆனால் அந்தப் பெட்டரி தன் முழுப் பலத்தை ஒருநாளும் அடைவதில்லை. நான் "அஸருக்குப் பிறகு வாங்க" என்று சொல்லி அனுப்புவேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.

வாங்குபவர்கள் பெயரிலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 12என்5-3பி என்றால் 12 வோல்ட், 5 ஆம்பியர்-மணி. ஆனால் எல்லா இலக்கமும் அப்படியல்ல. வைடிஎக்ஸ்5எல் என்பதில் 5 இருந்தாலும் அதன் கொள்ளளவு 4 ஆம்பியர்-மணிதான். கழற்றிய பழையதைக் கையோடு கொண்டு போய், அளவும் நேர் முனை எந்தப் பக்கம் என்பதும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதே சுலபம். உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பழையதை என்ன செய்வது?

இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதி. பழைய பெட்டரியின் எடையில் பெரும்பகுதி ஈயம். அதற்குக் காசு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சிலர் வீட்டு முற்றத்தில் வைத்து உடைத்து, அசிட்டை மண்ணில் ஊற்றிவிட்டு, ஈயத்தைச் சட்டியில் உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கிறார்கள். எமது கரையோரத்தில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன், சுற்றிலும் சிறு பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்ததையும் கண்டிருக்கிறேன்.

மேற்கு ஆபிரிக்காவில் செனகல் நாட்டின் டக்கார் நகருக்கு அருகே தியாரோய் சூர் மேர் என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. எங்களைப் போன்ற முஸ்லிம் மீனவ ஊர்தான். அங்கும் பழைய பெட்டரியை உடைத்து ஈயம் எடுத்தார்கள், வலைக்குக் குண்டு வார்த்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஒரே ஊரில் 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். காரணம் ஈய நஞ்சு என்று பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணிலும் வீட்டுத் தூசியிலும் ஈயம் கலந்திருந்தது. பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. உயிர் போகாவிட்டாலும் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிள்ளை படிப்பில் ஏன் பின்தங்குகிறது என்று பெற்றோருக்குக் கடைசி வரை தெரியாது.

எனவே பழையதைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அதன் பெறுமதியைப் புதியதன் விலையில் கழித்து பில்லில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கழிக்காமல் சும்மா எடுத்துக்கொள்ளும் கடைகளால்தான் ஆட்கள் பெட்டரியை வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். கடைக்காரர்கள் சேர்ந்ததை, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கே கொடுக்க வேண்டும். பத்திரம் இல்லாதவர் கிலோவுக்குச் சில ரூபா கூடுதலாகத் தருவார். அசிட்டைக் கானுக்குள் ஊற்றி விட்டு ஈயத்தை மட்டும் ஏற்றிச் செல்பவரால்தான் அந்தக் கூடுதல் விலையைத் தர முடிகிறது. எனது கடையில் பழையவற்றைக் கூரைக்குக் கீழே, பிளாஸ்டிக் தட்டில், நிமிர்த்தி, முனைகளுக்கு டேப் ஒட்டி அடுக்கியிருக்கிறோம். லொறி வரும்போது அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, எடையுடன் சேர்த்துக் கோப்பில் போட்டு வைக்கிறேன்.